தங்க மூடி ஃப்யூஸ்

அத்தியாயம் 12

அந்தோணிராஜ் சந்தேகப்பட்டே சம்பளம் வாங்கிய மனிதர். ஆவடியில் ராணுவத் தொழிற்சாலை ஒன்றின் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் முப்பத்திரண்டு வருடம் இருந்தார். ஒரு போல்ட்டைக் கையில் கொடுத்தால், முதலில் அது போல்ட்தானா என்று பார்ப்பார். ரிட்டயர் ஆன அன்று மாலை போட்டு, சுவர்க் கடிகாரம் கொடுத்து, ஜீப்பில் கொண்டுவந்து வீட்டில் விட்டார்கள். சந்தேகத்தை மட்டும் திருப்பி வாங்கிக்கொள்ள மறந்துவிட்டார்கள்.

அந்த மனிதர் சனிக்கிழமை சாயங்காலம் ஆம்ப்ளிஃபையரின் பின்பக்கத்தைத் துடைக்கப் போய், துணியும் கையுமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டதைப் போன வாரம் சொன்னேன். காரணம் ஒரு பொட்டுச் சிவப்பு.

மூன்று வாரத்துக்கு முன்னால் அந்த ஆம்ப்ளிஃபையருக்குப் புது ஃப்யூஸ் ஒன்று வாங்கிப் போட்டிருந்தார். இரண்டு முனையிலும் தங்க முலாம் பூசிய மூடி, நடுவில் வெள்ளைப் பீங்கான், அதன் மேல் ஓர் அம்புக்குறி. முகப்பேரில் ஆடியோ கடை வைத்திருக்கும் சிநேகிதர் ஜாபஸ் கொண்டுவந்து கொடுத்தது. கரண்ட் அம்பு காட்டும் திசையில் போனால் பாட்டின் முன்னால் தொங்குகிற திரை விலகிவிடும் என்றார் ஜாபஸ். எட்டாயிரம் ரூபாய்க்குத் திரை விலகாமல் என்ன செய்யும்?

"மாமா, கரண்டு செகண்டுக்கு அம்பது தபா முன்னால பின்னால போய்ட்டு வருது. அம்பப் பாத்துகினா போவும்?" என்று மருமகன் பெனிட்டோ அன்றைக்குக் கேட்டான். அந்தோணிராஜ் அவனை ஒரு பார்வை பார்த்தார். அதற்குப் பிறகு அவன் ஃப்யூஸ் பக்கமே பேச்சை எடுக்கவில்லை.

ஃப்யூஸைப் போட்டு, மூடியைத் திருகி, மூடிக்கும் பெட்டிக்கும் சேர்த்தாற்போல மகள் ஃபெபியின் பழைய நெயில் பாலிஷில் ஒரு பொட்டு வைத்தார். தொழிற்சாலையில் சரிபார்த்த போல்ட்டின் தலையில் இப்படித்தான் பெயின்ட் பொட்டு வைப்பார்கள். யாராவது கை வைத்துத் திருகினால் பொட்டு பிளந்து காட்டிக்கொடுத்துவிடும்.

பொட்டு பிளக்கவில்லை. முழுசாகத்தான் இருந்தது. ஆனால் அவர் வைத்தது மெரூன். இப்போது இருந்தது பளிச்சென்ற சிவப்பு. அந்த மெரூன் பாட்டிலோ அன்றைக்கே காலியாகிக் குப்பைக்குப் போய்விட்டது.

பருத்திப்பட்டு வீட்டில் மொத்தம் நாலே பேர். அவர், மனைவி ஹெலினா, ஏழு மாத வயிற்றோடு ஃபெபி, அவள் புருஷன் பெனிட்டோ. கரையான்சாவடி வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டதால், பிரசவம் முடிகிற வரைக்கும் என்று மகளும் மருமகனும் இங்கே வந்து நாலு மாதமாகிறது. பெனிட்டோவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் இன்வெர்ட்டர் சர்வீஸ் வேலை. எந்நேரமும் ஸ்க்ரூடிரைவரோடு திரிகிற பையன்.

அந்தோணிராஜுக்கு இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசையில் பிரசங்கம் எதைப் பற்றி என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. ஹெலினா பாடகர் குழுவோடு நின்றாள். ஃபெபி ஃபேனுக்கு நேரே இடம் தேடிப் பெண்கள் பக்கம் போய்விட்டாள். மாமனாரும் மருமகனும் ஒரே பெஞ்சில் ஒட்டி உட்கார வேண்டியதாயிற்று.

"ஒருவருக்கொருவர் சமாதானம் பகிர்ந்துகொள்வோம்" என்றார் சாமியார்.

பெனிட்டோ திரும்பிக் கை கூப்பினான். "சமாதானம் மாமா."

அந்தோணிராஜும் கை கூப்பினார். வாய் மட்டும் திறக்கவில்லை. கண் மருமகனுடைய விரல் நுனிகளில் இருந்தது. நகத்து ஓரத்தில் எங்கேயாவது சிவப்பு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தார்.

"இன்னா மாமா, ஒடம்பு சரியில்லையா?"

"ஒண்ணுமில்ல."

கோயிலில் நின்றுகொண்டு இப்படிப் பார்க்கிறோமே என்று அவருக்கு வெட்கமாகக்கூட இல்லை.

வீட்டுக்கு வந்ததும் ஹெலினா சமையலறைக்குப் போனாள். கால் வீங்கியிருக்கிறது என்று ஃபெபி படுத்துக்கொண்டாள். பெனிட்டோ கறி வாங்க வண்டியை எடுத்தான். வண்டிச் சத்தம் தெருமுனையில் தேய்ந்ததும், அந்தோணிராஜ் கூடத்துக் கதவை ஒருக்களித்துச் சாத்தி, பிளக்கைப் பிடுங்கி, ஆம்ப்ளிஃபையரைத் திருப்பினார். பிளேடால் பொட்டைச் சுரண்டி, ஃப்யூஸ் மூடியைத் திருகினார்.

உள்ளங்கையில் வந்து விழுந்தது ஒரு கண்ணாடிக் குழல். இரண்டு முனையிலும் வெள்ளைத் தகரம், உள்ளே தலைமுடி மாதிரி ஒரு கம்பி. எந்த எலக்ட்ரிக்கல் கடையிலும் பத்து ரூபாய் கொடுத்தால் கிடைக்கிற சாதாரண ஃப்யூஸ்.

திருட்டு என்றது மனசு. திருடன் யார் என்பதும் தெரிந்த மாதிரிதான். ஆனால் அதையெல்லாம் முந்திக்கொண்டு வேறொரு கேள்வி வந்து நின்றது. எப்போது மாற்றினார்கள்?

ஏன் அது முக்கியம் என்றால், டிராயரில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. புது ஃப்யூஸ் இருநூறு மணி நேரம் விடாமல் ஓடினால்தான் பதப்படும் என்று ஜாபஸ் சொல்லியிருந்தார். அதனால், அந்தக் கணக்கு முடிந்த பிறகும் நிறுத்த மனசில்லாமல், மூன்று வாரமாக அந்தப் பெட்டி இரவு பகல் அணைக்கப்படாமல் ஓடியது. யாருமில்லாத கூடத்தில் ரேடியோ தன் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருக்கும். தினமும் மாலை ஆறு மணிக்கு அந்தோணிராஜ் ஹெலினாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்டு, கேட்டதை நோட்டில் எழுதுவார்.

"செவ்வாய், 50 மணி: திரை விலகத் தொடங்கிவிட்டது."

"சனி, 150 மணி: வயலின் வலது பக்கம் தனியே நிற்கிறது. ஹெலினாவும் ஒப்புக்கொண்டாள்."

"திங்கள், 200 மணி: இது பழைய பெட்டியே அல்ல."

நேற்றுத்தான் மாற்றினார்கள் என்றால் நோட்டு பிழைக்கும். மூன்று வாரமாக உள்ளே இருந்ததே இந்தப் பத்து ரூபாய் என்றால்? அந்த யோசனையை அவர் அங்கேயே நிறுத்திக்கொண்டார். நேற்றுத்தான். மிஞ்சிப்போனால் முந்தாநாள். அதற்கு முன்னால் இல்லவே இல்லை. திருட்டு நடந்திருக்க வேண்டும், அதுவும் நேற்று நடந்திருக்க வேண்டும் என்று அந்த மனிதர் மனசார வேண்டிக்கொண்டார் என்பதுதான் உண்மை.

போன் அடித்தது. ஜாபஸ்.

"அண்ணாத்தே! நாலு மணிக்கு ஒரு பார்ட்டியக் கூட்டிகினு வரேன். பெரிய கை. உன் ஊட்ல ஓடறதக் கேட்டுட்டாருன்னா நாலு ஃப்யூஸு வாங்கிடுவாரு."

"இன்னிக்கேவா?"

"வியாயக்கெயம சொல்லலாம்னுதான் வந்தேன். நீ பூந்தமல்லி போய்ட்ட. அண்ணி டீ போட்டுக் குட்த்தாங்க, அம்மாந்நேரம் ஒக்காந்து பாத்துட்டுக் கெளம்பிட்டேன். இன்னா, எதுனா பிராப்ளமா?"

"ஒரு பிராப்ளமும் இல்ல. வா."

"ஃப்யூஸு உள்ளதான கீது?"

அந்தோணிராஜ் கையில் இருந்த கண்ணாடிக் குழலைப் பார்த்தார். "ஏன் கேக்கற?"

"சொம்மாதான். தொறந்து கிறந்து பாக்காத, பதம் கெட்டுப்பூடும்."

வேறொரு நாளாக இருந்தால் இந்த வார்த்தையை அவர் கையில் வைத்து உருட்டிப் பார்த்திருப்பார். இன்றைக்கு அவருடைய சந்தேகமெல்லாம் ஒரே இடத்துக்குக் கட்டியாகிவிட்டது. மிச்சம் இல்லை.

மகளுடைய அறைக்குள் பூனை மாதிரி நுழைந்தார். ஃபெபி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கண்ணாடி மேஜையில் கல்யாணத்துக்கு வாங்கிய மேக்கப் பெட்டி இருந்தது. அதைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டதே சிவப்பு நெயில் பாலிஷ்தான். பிளேடில் ஒட்டியிருந்த சுரண்டலை அதன் பக்கத்தில் பிடித்தார். ஒரே சிவப்பு.

"என் டப்பால என்னப்பா தேடறீங்க?"

ஃபெபி எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"தைலம்."

"நெயில் பாலிஷ்லயா?"

அவர் பாட்டிலைக் கீழே வைத்தார். "இதை யார் எடுத்தது?"

"யாரும் எடுக்கல. நானே போட்டு அஞ்சு மாசம் ஆச்சு." ஃபெபி அவருடைய மற்றொரு கையில் இருந்த பிளேடைப் பார்த்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குப் புரிய வெகு நேரமாகவில்லை. "என்ன காணோம்ப்பா?"

"எதுவும் காணோம்னு நான் சொன்னேனா?"

"பூசையில அவர் கையையே பாத்துட்டு இருந்தீங்களாமே. வர்ற வழியில சிரிச்சுக்கிட்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரல." ஃபெபி வயிற்றில் கை வைத்துக்கொண்டு மெதுவாகப் பேசினாள். "போன மாசம் உங்க அளவெடுக்கிற காலிப்பரைக் காணோம்னு அவரோட ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி கேட்டீங்க. அப்புறம் உங்க சட்டைப் பையிலயே இருந்துச்சு. ஒரு வார்த்தை வருத்தப்பட்டீங்களா? இல்ல. நான்தான் அவரைச் சமாதானப்படுத்தி இருக்க வச்சேன். இன்னொரு தடவை அவரைத் திருடன்னு நினைச்சீங்கன்னா, நான் இங்க பிள்ளை பெத்துக்க மாட்டேன். கரையான்சாவடியில அவங்க அக்கா வீட்டுக் கூடத்துல பாய் போட்டுப் படுத்துக்கறேன். சொல்லிட்டேன்."

அந்தோணிராஜுக்கு மகள் என்றால் உயிர். ஒரே பெண். அவளுக்குப் பிறக்கப்போகிற பிள்ளைக்குத் தொட்டில் கட்ட வாங்கின கொக்கியைக்கூட ஐம்பது கிலோ அரிசி மூட்டையைத் தொங்கவிட்டுச் சோதித்து வைத்திருக்கிறார். எதையும் கேட்கக் கூடாது என்று அந்த நிமிடம் மனசுக்குள் முடிவு செய்துகொண்டார்.

முடிவு மத்தியானச் சாப்பாடு வரைக்கும் தாக்குப்பிடித்தது.

மணி இரண்டு. மேஜையில் ஆட்டுக்கறிக் குழம்பும் ரசமும் வைத்திருந்தது. நாலு மணிக்கு ஆள் வரப்போகிறது. வந்து மூடியைத் திறந்தால் பத்து ரூபாய் சிரிக்கும். அந்தோணிராஜ் சட்டைப் பையிலிருந்து கண்ணாடி ஃப்யூஸை எடுத்து, பெனிட்டோவின் தட்டுப் பக்கத்தில் ஊறுகாய் வைப்பதுபோல வைத்தார்.

"மாப்பிள்ளை, இது என்னன்னு சொல்லுங்க."

பெனிட்டோவின் கை சோற்றில் நின்றது. ஒரு கணம் சமையலறைப் பக்கம் பார்த்தான். பிறகு மாமனாரைப் பார்த்தான்.

"கிளாஸ் ஃப்யூஸு மாமா. மூணு ஆம்ப்."

"கையில எடுத்துப் பாக்காமலே மூணு ஆம்ப்னு தெரியுது!"

ஃபெபி தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தாள். "அப்பா."

"நீ சும்மா இரும்மா. தகர மூடியில எறும்புக் கால் மாதிரி எழுதியிருக்கு. கண்ணாடி போட்டுத்தான் நானே படிச்சேன். போட்டவனுக்குத்தான் பாக்காம தெரியும்." அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். மாப்பிள்ளை என்பது போயிற்று. 'ங்க'வும் கூடவே போயிற்று. "பெனிட்டோ, என் ஃப்யூஸ் எங்க?"

"நான் எட்த்துக்கல மாமா."

"நேத்து நான் மார்க்கெட் போனப்ப நீதான் வீட்ல இருந்த."

"இருந்தேன். ஆனா எட்த்துக்கல."

"பொட்டு வச்ச நெயில் பாலிஷ் உன் ரூம்ல இருக்கு. உன் பையைக் காட்டு."

தொழிற்சாலை வாசலில் தினமும் நடக்கிற காரியம்தான் அது. வெளியே போகிற ஒவ்வொருவனும் காவலுக்கு நிற்பவனிடம் பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். அந்தோணிராஜும் முப்பத்திரண்டு வருடம் காட்டியிருக்கிறார். வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் மருமகனிடம் கேட்டால் அது வேறு என்பது அவருக்குத் தெரியவில்லை. அல்லது தெரிந்தே கேட்டார். எனக்கு இரண்டாவதில்தான் நம்பிக்கை.

பெனிட்டோ எழுந்து கை கழுவினான். கதவு ஓரத்தில் மாட்டியிருந்த வேலைப் பையை எடுத்து வந்து ஜிப்பை முழுசாக இழுத்துத் தரையில் வைத்தான். டெஸ்டர், பிளையர், டேப் சுருள், ஒரு மாத்திரை டப்பா. டப்பாவை அவனே திறந்து காட்டினான். உள்ளே வரிசையாகக் கண்ணாடி ஃப்யூஸ்கள். எல்லாம் ஒரே ஜாதி. தங்க மூடி மட்டும் இல்லை.

"பாத்துக்கோங்க மாமா" என்றான். குரலில் கோபம் இல்லை. அதுதான் கேட்கச் சகிக்கவில்லை.

"ஜாதி ஒண்ணுதானே? வேற என்ன சாட்சி வேணும்?"

ஃபெபி மேஜையைப் பிடித்து எழுந்தாள். அறைக்குள் போனாள். அலமாரி திறக்கிற சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரிக்கு என்று கட்டி வைத்திருந்த பையை இழுத்துக்கொண்டு வந்து வாசலருகே வைத்தாள். "பெனி, கெளம்பு."

"உக்காரு ஃபெபி. சோறு துண்ணுட்டு நிக்காத, காலு வீங்கும்."

"கெளம்புன்னு சொல்றேன்ல?"

"நான்தான் மாத்தினேன்."

மூன்று பேரும் திரும்பினார்கள். ஹெலினா கரண்டியோடு சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். முப்பது வருடக் குடித்தனத்தில் அந்தக் கூடத்தில் அவள் குரல் இவ்வளவு உரக்கக் கேட்டது பாட்டுப் பயிற்சியின்போது மட்டும்தான்.

அந்தோணிராஜ் ஏன் என்று கேட்கவில்லை.

"என்னைக்கு?" என்று கேட்டார்.

"என்னங்க?"

"என்னைக்கு மாத்தின? நேத்தா? முந்தாநாளா?"

ஹெலினா அவரையே பார்த்தாள். பொய் சொல்லலாமா என்று அவள் ஒரு நிமிடம் யோசித்திருப்பாள். முகத்தில் தெரிந்தது. "நீங்க போட்ட மறுநாளே. திங்கக்கிழமை. ரேஷன் கடைக்குப் போனீங்கல்ல, அப்ப."

அவர் பழையபடி உட்கார்ந்தார்.

"மாப்பிள்ளையைத் திட்டாதீங்க. அவர் பண்ணினது ஒண்ணுதான், என்கிட்ட வந்து சொன்னது. அத்தை, அந்த ஃப்யூஸ்ல எத்தன ஆம்ப்னு ஒரு எழுத்தும் இல்ல, வோல்ட்டும் இல்ல, எது எரியும் எது எரியாதுன்னே தெரியாது, மாமாகிட்ட நான் சொன்னா எடுபடாது, நீங்க சொல்லுங்கன்னார். நான் சொன்னாலும் எடுபடாதுன்னு எனக்குத் தெரியும். இந்தத் தெருவுல கரண்டு எப்படி வருதுன்னு உங்களுக்குத் தெரியாதா? மிக்ஸி ரெண்டு தடவை போயிடுச்சு. இது ராத்திரி பகலா ஓடிக்கிட்டே இருக்கு. சுவருக்கு அந்தப் பக்கம் புள்ளத்தாச்சிப் பொண்ணு படுத்திருக்கா. எனக்குப் பயமா இருந்துச்சுங்க."

"நீயே திருகினியா?"

"அவர்தான் மாத்தறேன்னார். வேணாம், நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா உங்க கை பட்டதா இருக்கக் கூடாதுன்னு நான்தான் தடுத்தேன். அவர் டப்பாவுல இருந்து ஒரு ஃப்யூஸை வாங்கிக்கிட்டு, எப்படின்னு மட்டும் கேட்டுக்கிட்டேன். ஃபெபியோட சிவப்பை எடுத்துப் பொட்டும் நானே வச்சேன். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டேன். அதான் இவ்வளவு நேரம் வாயைத் திறக்காம பையைக் காட்டிட்டு நிக்கறார்."

ஃபெபி புருஷனைப் பார்த்தாள். அவன் தரையில் கிடந்த பிளையரை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தான்.

குறி இல்லாத பொருள். அந்தோணிராஜின் காதில் அது மட்டும்தான் திரும்பத் திரும்ப ஓடியது. முப்பத்திரண்டு வருடத்தில் குறி பொறிக்காத ஒரு போல்ட்டைக்கூட அவர் உள்ளே விட்டதில்லை. எத்தனை சப்ளையர்கள் கெஞ்சியிருக்கிறார்கள்! அளவு சரியாக இருந்தாலும் குறி இல்லையென்றால் திருப்பி அனுப்பு என்பார். எட்டாயிரம் ரூபாய்ப் பொருளில் ஒரே ஒரு அம்புதான் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு, வேறெதுவும் இல்லை என்பதைப் பார்க்காமல் விட்டிருக்கிறார். பார்க்காமல் விட்டதற்கு மேல் பொட்டும் வைத்திருக்கிறார்.

இன்னொன்றும் இருந்தது. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"ஹெலினா, தினம் சாயங்காலம் என் பக்கத்துல உக்காந்து கேட்டியே. வயலின் தனியா நிக்குதான்னு கேட்டேன். ஆமாங்கன்னு சொன்ன."

அவள் கரண்டியைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டாள்.

"குரல் முன்னாடி வந்துடுச்சான்னு கேட்டேன். ஆமாங்கன்னு சொன்ன. உள்ள இருந்தது பத்து ரூபாய் ஃப்யூஸ். அது உனக்குத் தெரியும்."

"நீங்க சந்தோஷமா இருந்தீங்க."

"கோயர்ல ஒருத்தி சுருதி விட்டாக்கூட முதல்ல உனக்குத்தான் தெரியும்னு சாமியாரே சொல்வார். ஒரு வித்தியாசமும் இல்லன்னு உன் காதுக்குத் தெரிஞ்சுதா இல்லையா?"

"தெரிஞ்சுது."

"அப்போ இத்தனை வருஷமா நீ சொன்ன ஆமாங்கல எது நெஜம் ஹெலினா?"

ஹெலினா கரண்டியை மேஜையில் வைத்தாள். கண் கலங்கியிருந்தது. ஆனால் பதில் சொல்லும்போது குரல் கலங்கவில்லை. "ஆமாம்னு சொல்லலன்னா நீங்க என்னைக்காவது விட்டிருக்கீங்களா?"

யாரும் சாப்பிடவில்லை. குழம்பில் கொழுப்பு உறைந்துகொண்டிருந்தது. அந்தோணிராஜ் எழுந்து பெனிட்டோவின் முன்னால் போய் நின்றார். மனிதருக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. கடைசியில் கை கூப்பினார்.

"சமாதானம் மாப்பிள்ளை" என்றார். காலையில் கோயிலில் விழுங்கிய வார்த்தை.

பெனிட்டோ பதறிப்போய் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டான். "இன்னா மாமா நீங்க! பெரியவங்க போயி..."

ஃபெபி அழுதாள். அழுதுகொண்டே வாசலில் இருந்த பையைத் திரும்பவும் உள்ளே தள்ளினாள். எல்லாரும் மறுபடி உட்கார்ந்தார்கள். ஹெலினா குழம்பைச் சுட வைத்துக் கொண்டுவந்தாள். பெனிட்டோ ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "அத்த, உப்பு கரெக்டா கீது" என்றான். ஃபெபிக்குச் சிரிப்பு வந்தது. அந்தோணிராஜும் சிரிக்கப் பார்த்தார்.

எனக்கும் இங்கேயே நிறுத்திவிடத்தான் ஆசை.

"அந்த ஃப்யூஸைக் கொண்டா ஹெலினா" என்றார் அந்தோணிராஜ். "நாலு மணிக்கு ஜாபஸ் வர்றான். எத்தனை ஆம்ப்னு அவன் வாயாலயே சொல்லட்டும். அவன் முன்னாடியே மாப்பிள்ளை அதை உடைச்சு, உள்ள என்ன இருக்குன்னு காட்டட்டும்."

ஃப்ரிட்ஜ் மேல் ஒரு கிறிஸ்துமஸ் கேக் டின் உண்டு. பட்டன், ஊசி, அறுந்த ஜெபமாலை எல்லாம் கிடக்கிற டின். ஹெலினா அதை இறக்கிக்கொண்டுவந்து மூடியைத் திறந்தாள். விரலால் துழாவினாள். பிறகு அப்படியே மேஜையில் கவிழ்த்தாள்.

பட்டன்கள் உருண்டன. ஒரு பஞ்சுச் சுருள் விழுந்தது. பிரித்துப் பார்த்தாள். உள்ளே ஒன்றும் இல்லை.

"இந்தப் பஞ்சுலதான் சுத்தி வச்சேன். புதன்கிழமை கூட இருந்துச்சு. நான் பாத்தேன்."

"இங்க இருக்குன்னு வேற யாருக்குத் தெரியும்?" என்று அந்தோணிராஜ் கேட்டார். கேட்ட பிறகுதான் தன் குரலில் பழைய இன்ஸ்பெக்டர் ஏறி உட்கார்ந்திருப்பது அவருக்கே தெரிந்தது. வேண்டுமென்றே முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தொழிற்சாலை கொடுத்த கடிகாரத்தையே பார்த்தார். மூன்றரை. இன்னொரு தடவை அந்தத் தப்பைச் செய்யக் கூடாது என்று அவர் உறுதியாக இருந்தார். அதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

"எனக்குத் தெரியும்" என்று ஆரம்பித்த ஹெலினா பாதியில் நிறுத்தினாள்.

இன்னும் ஒருத்தனுக்குத் தெரியும். அவள் டின்னில் வைக்கும்போது பக்கத்தில் நின்றவன். கொடுங்க அத்தை, ஆபீஸ்ல வச்சு உடைச்சுப் பார்க்கிறேன் என்று இரண்டு தடவை கேட்டவன். இரண்டு தடவையும் அவள் தர மாட்டேன் என்றிருந்தாள்.

அவள் நினைத்துச் செய்யவில்லை. கண் தானாகப் போயிற்று. ஒரு நொடி பெனிட்டோவின் மேல் நின்றுவிட்டுச் சட்டென்று விலகியது.

காலையிலிருந்து மாமனார் பார்த்த பார்வைக்கெல்லாம் அசையாதவன், பையைத் திறந்து காட்டச் சொன்னபோதும் குரல் உயர்த்தாதவன், சோற்றிலிருந்து கையை எடுத்தான். கழுவக்கூட இல்லை.

"ஃபெபி," என்றான், "பைய எட்த்துக்கோ."